இடப்பக்கம் சுழலும் இஞ்சின்

2024 ஜனவரி 13, சனிக்கிழமை. காலை ஏழேகால் மணிக்கு முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நபீஸ் தன் படகை வெளியே எடுத்தார். முப்பத்திரண்டு அடி நீளமான வெள்ளை ஃபைபர் படகு அது. இரண்டு இஞ்சின்கள் பூட்ட வேண்டிய படகில் அன்று ஒன்றுதான் இருந்தது, வலது பக்கத்தது. இடது பக்கத்து இஞ்சின் கொட்டாஞ்சேனையில் இஞ்சின் மெக்கானிக் பிறெடி பாஸின் பட்டறையில் கழற்றியபடி கிடந்தது. புதிதாகக் கட்டிய வலது இஞ்சினை ஒரு மணித்தியாலம் கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது என்பதுதான் பேச்சு.

முதல் ஓட்டத்துக்குப் பிறெடி பாஸும் கூட ஏறுவார். நீந்தத் தெரியாத மனிதர், ஆனாலும் தான் கட்டிய இஞ்சின் எதையும் அவர் தனியாகக் கடலுக்கு அனுப்பியதில்லை. அன்று முழங்கால் வலிக்கிறது என்று இறங்குதுறையிலேயே நின்றுவிட்டார்.

“என்ன பாஸ், நீங்க செஞ்ச இஞ்சின்ல ஏற உங்களுக்கே பயமா?” என்று நபீஸ் படகிலிருந்து கேட்டார்.

“பயம் என்ன பயம். நான் ஏறினா படகு தாழும், அவ்வளவுதான். சுருக்கா வாங்க, டீ சொல்லி வைக்கிறன்.”

“சீனி கூடப் போடச் சொல்லுங்க. நேத்து நீங்க தந்தது கசாயம்.”

படகு அலைதடுப்பைக் கடந்து மேற்கே திரும்பியது. வாடைக்காலத்துக் கடல் குளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது. இஞ்சின் சத்தம் கடைசிவரை ஒரே சீராகக் கேட்டதாகப் பிறெடி பாஸ் சொல்கிறார். எப்போது அது கேட்காமல் போனது என்று அவருக்குத் தெரியாது. ஒன்பது நாற்பதுக்கு நபீஸின் கைத்தொலைபேசி கடைசியாகக் கரையோடு தொடர்பில் இருந்தது. பத்தரைக்கு டீயின் மேல் ஆடை படிந்துவிட்டது. பதினொன்றுக்குப் பிறெடி பாஸ் பக்கத்துப் படகுக்காரர்களிடம் போய்ச் சொன்னார்.

எட்டு நாள் தேடினார்கள். எண்ணெய்ப் படலம் இல்லை, பலகைத் துண்டு இல்லை, உயிர்காப்பு அங்கி ஒன்றுகூட இல்லை. முகத்துவாரத்து மீனவர்களுக்கு அதுதான் பிடிபடவில்லை. படகு எரிந்தாலும் ஏதாவது மிதக்கும், மூழ்கினாலும் ஏதாவது மிதக்கும். இங்கே ஒன்றும் மிதக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்கள். ஒற்றை இஞ்சினில் ஓடும் படகு ஒரு பக்கமாகவே இழுக்கும், சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்த கை விலகினால் படகு பெரிய வட்டம் போடத் தொடங்கும், பெற்றோல் தீரும்வரை போட்டுக்கொண்டே இருக்கும்.

பிறெடி பாஸின் முழங்காலில் வலி இருந்தது உண்மை. ஆனால் அவர் ஏறாததற்குக் காரணம் அது அல்ல. அந்த இஞ்சினில் அவர் பூட்டியிருந்தது ஒரு கார் ஸ்டார்ட்டர்.

பிறெடி கோமஸுக்கு இப்போது அறுபத்தொரு வயது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் இயந்திரம் பூட்டும் பிற்றராக வேலை பழகி, சார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் பதினொரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் அவருடைய பட்டறை இருக்கிறது. அளவுகளை ஆங்கிலத்தில் சொல்வார், வேலையாட்களைச் சிங்களத்தில் ஏசுவார், ஜெபத்தைத் தமிழில் முணுமுணுப்பார். பகல் சாப்பாடு பதினொன்றரைக்கு. அந்த நேரத்தில் ஜனாதிபதி வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இஞ்சினுக்கு ஒரு பாகம் தேவைப்பட்டால், மேசையில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து இரண்டை வைப்பார். ஒன்று காருக்கு வருவது, மற்றது கடலுக்கு வருவது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்வார், விலையையும் சொல்வார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். இஞ்சினின் சொந்தக்காரர் தன் கையால் ஒன்றைத் தூக்க வேண்டும். தூக்கியதுதான் இஞ்சினுக்குள் போகும்.

“நாளைக்கு வந்து பிறெடிதான் இதப் போட்டான் எண்டு சொல்ல ஏலாது பாருங்க,” என்பார்.

அந்தப் பெரிய எட்டு சிலிண்டர் இஞ்சின்கள் அமெரிக்க லொறிகளுக்கென்று வார்த்த இரும்பிலேயே கடலுக்கும் செய்யப்பட்டவை. அதனால் அநேக பாகங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கார் காபரேற்றர் நிரம்பி வழிந்தால் பெற்றோல் வெளியே சிந்தும். படகுக் காபரேற்றரில் அது உள்ளேயே திரும்பி விழும். ஸ்டார்ட்டரும் அப்படித்தான். காரின் அடியில் அதன் பொறி தெறித்தால் காற்றோடு போய்விடும். படகில் இஞ்சின் இருப்பது மூடிய குழிக்குள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் போய்த் தேங்கி நிற்கும். ஆகவே கடலுக்கான ஸ்டார்ட்டரை ஒரு பொறியும் வெளியே வராதபடி மூடிச் செய்கிறார்கள்.

டுபாய்க்கு நவம்பரிலேயே சொல்லியிருந்த ஸ்டார்ட்டர் ஜனவரி பிறந்தும் வரவில்லை. டுபாய்க்கு அமெரிக்காவிலிருந்து சாமான் கொண்டுவரும் கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்துச் சுற்றி வரத் தொடங்கியிருந்த காலம் அது. நபீஸோ நாள்தோறும் வந்து நின்றார். இருபதாம் திகதி வெளிநாட்டுக்காரர்கள் மீன்பிடிக்க வருகிறார்கள், அதற்குள் படகு ஓட வேண்டும். பிறெடி பாஸ் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு கார் ஸ்டார்ட்டர் வாங்கி வந்தார். கடல் இஞ்சினின் கறுப்பு நிறத்தை அதற்கு இரண்டு பூச்சு அடித்தார். காய்ந்ததும் மேசையில் தாளை விரித்து அதை மட்டும் வைத்தார்.

“மத்தது எங்க பாஸ்?” என்று நபீஸ் கேட்டிருக்கிறார்.

“இதுக்கு ஒண்டுதான்.”

நபீஸ் அதைத் தூக்கிக் கொடுத்தார்.

நான் நாடு திரும்பியது அந்த வருடம் மார்ச்சில். ஒன்பது வருடம் வெளியில் திரிந்துவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் வெள்ளவத்தையில் அம்மாவின் பிளாட்டில் இருந்தேன். மூன்றாம் மாடியில் சஹ்லா அக்கா இருந்தார், நபீஸின் மனைவி. பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பிப்பவர். ஒருநாள் படியில் என்னை நிறுத்தினார்.

“உஷாந்தி, உங்களுக்கு இங்கிலீஷ்ல கடிதம் எழுத நேரம் ஈக்கா? இஞ்சின் சாமான் கேட்டு எழுதணும்.”

“என்ன இஞ்சின் அக்கா?”

“அவர்ட போட்டுக்கு. ஒண்டு அவரோட போயிட்டு. மத்தது பிறெடி பாஸ்ட ஈக்கி. அவர் வரக்கொள்ள அது ரெடியா இருக்கணும்.”

மழைக்கு முன் துணி எடுக்கச் சொல்வது போலச் சொன்னார்.

கணவன் இறந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும். சஹ்லா அக்கா இருக்கவில்லை. அவருடைய உம்மாவும் சகோதரர்களும் பாமன்கடையிலிருந்து வந்து வந்து சொன்னார்கள். அடக்க ஒரு மையித்து இல்லாமல், கண்ட சாட்சி இல்லாமல் யாருக்காக இத்தா இருப்பது என்று அவர் கேட்டார். சனிக்கிழமை தோறும் அபாயாவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். ஏப்ரலிலிருந்து நானும் அவரோடு போகத் தொடங்கினேன்.

பட்டறையில் நான் முதலில் பார்த்தது இல்லாத இஞ்சினைத்தான். இரண்டு இரும்புத் தாங்கிகள் அருகருகே நின்றன. ஒன்றில் இடது இஞ்சின் தலை கழன்று, எட்டுத் துளைகளும் மேலே பார்த்தபடி இருந்தது. மற்றது வெறுமையாக இருந்தது. அந்த வெறும் தாங்கியில் யாரும் ஒரு சாவியையோ துணியையோகூட வைப்பதில்லை. வேலையாட்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

என் வேலை சுலபமானது போலத் தெரிந்தது, ஆனால் அப்படி இருக்கவில்லை. இரட்டை இஞ்சின் படகில் வலது இஞ்சின் கார் இஞ்சின் போல வலப்பக்கம் சுழலும், இடது இஞ்சின் எதிர்ப்பக்கம் சுழலும். ஒன்றின் இழுவையை மற்றது சமன்செய்தால்தான் படகு நேராகப் போகும். இடப்பக்கம் சுழலும் இஞ்சினுக்குக் கேம் ஷாஃப்ட் வேறு, பின்பக்கத்து ஒயில் சீல் வேறு, ஸ்டார்ட்டர் வேறு. புளோரிடாவில் ஒரு கடைக்காரர் எனக்குப் பதில் எழுதினார்: “உங்களிடம் இருப்பது சோடியில் பாதி. அதன் மற்றப் பாதி எங்கே?” சாதாரணக் கேள்விதான். அன்றைக்கு நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சஹ்லா அக்கா மேசைக்கு முன்னால் நிற்பார். பிறெடி பாஸ் இரண்டை வைப்பார். அவர் விளக்கம் சொல்லி முடிப்பதற்கு முன்பே அக்காவின் கை போய்விடும். இரும்பு மூடியை விட்டுப் பித்தளை மூடியை எடுத்தார். மேலுக்குப் பளபளத்த கார் கெஸ்கட்டை விட்டு மங்கலாக இருந்ததை எடுத்தார். ஒருமுறைகூடப் பிசகவில்லை.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் தங்கச்சி?” என்று பிறெடி பாஸ் கேட்டார்.

“தெரியா. மத்தத தொட்டா கையில குளிருது.”

பிறெடி பாஸ் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்த மேசையில் இருந்த எதுவுமே குளிர்ந்திருக்க வழியில்லை. அக்கா நகர்ந்த பிறகு, அவர் ஒதுக்கிய பாகத்தை நான் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

அடிப்பாகம் கட்டி முடிந்ததும் பிறெடி பாஸ் தினமும் காலையில் கம்பி போட்டு இஞ்சினைக் கால் சுற்றுத் திருப்புவார். அப்படியே நின்றால் துளைகளில் துருப் பிடிக்கும். எங்கே விட்டார் என்று தெரிய முன்சக்கரத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு போடுவார். ஜூலையில் ஒரு காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோடு நேற்று விட்ட இடத்தில் இல்லை. கால் சுற்று நகர்ந்திருந்தது. இடப்பக்கம் அல்ல, வலப்பக்கம்.

“ஆராவது திருப்பியிருப்பினம்,” என்றேன்.

“சாவி என்ட இடுப்பில மகள்.”

“பாரம் ஒரு பக்கம் கூடினா தானாத் திரும்பாதே?”

“திரும்பும். கொஞ்சம் திரும்பும்.” அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “கால் சுத்து வராது. அதுவும் அந்தப் பக்கம் வராது. அது மத்த இஞ்சின் சுத்துற பக்கம்.”

அன்றிலிருந்து அவர் கோடு போடுவதை நிறுத்திவிட்டார். தெரியாமலிருப்பது நல்லது என்று நினைத்தார் போலும்.

ஒக்டோபரில் கடைசிப் பாகம் வந்தது. இடப்பக்கம் சுழலும் ஸ்டார்ட்டர், கடலுக்கென்றே செய்தது, எண்ணெய்த் தாளில் சுற்றியபடி. அதற்குச் சோடியாக மேசையில் வைக்க ஒன்றும் இல்லை. இடப்பக்கம் சுழலும் இஞ்சின் எந்தக் காரிலும் இல்லை, ஆகவே அதற்கு ஒரு கார் ஸ்டார்ட்டரும் கிடையாது. ஒன்றை மட்டும் வைத்துவிட்டு “இதுக்கு ஒண்டுதான்” என்று சொன்னால் அது உண்மையாகவே இருந்திருக்கும். பிறெடி பாஸால் அந்த வார்த்தையை இன்னொரு முறை சொல்ல முடியவில்லை. பஞ்சிகாவத்தைக்குப் போய், சென்ற தடவை வாங்கிய அதே வகைக் கார் ஸ்டார்ட்டரை வாங்கி வந்து, பக்கத்தில் வைத்தார். அதற்கு அவர் நிறம் அடிக்கவில்லை.

சஹ்லா அக்கா மேசைக்கு வந்தார். அவர் கை முதல்முறையாகத் தயங்கியது. பிறகு கார் ஸ்டார்ட்டரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

“அது இதுக்குச் சரிவராது தங்கச்சி,” என்றார் பிறெடி பாஸ். “அது வலப்பக்கம் சுத்துறது.”

“சரிவராததை ஏன் வச்சீங்க?”

அவர் கையைத் துணியில் துடைத்தார்.

“ஏன் பாஸ் வச்சீங்க?”

பிறெடி பாஸ் வேலையாட்களை வெளியே போகச் சொன்னார். நானும் எழுந்தேன். நீ இரு என்று சஹ்லா அக்கா சொன்னார். பிறகு பிறெடி பாஸ் எல்லாவற்றையும் சொன்னார். நவம்பரில் சொன்ன ஸ்டார்ட்டர், பஞ்சிகாவத்தை, கறுப்பு நிறம், மேசையில் இருந்த ஒற்றைப் பாகம், முழங்கால் வலி. எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

“அது எரியுமா?” என்று அக்கா கேட்டார்.

“உள்ள பெற்றோல் ஆவி நிண்டா, அந்த நேரம் பொறி விழுந்தா.”

“எல்லாத் தரமுமா?”

“இல்ல. ஆயிரத்தில ஒரு தரம். அதுவும் இருக்காது.”

“ஒரு தரம் போதும்தானே.”

“ஓம்.”

வெளியே ஒரு முச்சக்கரவண்டி பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. அக்கா ஸ்டார்ட்டரைக் கீழே வைக்கவில்லை. அதன் கிறீஸ் அபாயாவில் பட்டுப் பரவிக்கொண்டிருந்தது.

“அப்ப அவர் மௌத்தாயிட்டார் எண்டு சொல்றீங்க.”

“நான் அப்பிடிச் சொல்லல்ல.”

“வடிவாச் சொல்லுங்க பாஸ். நீங்க சொன்னா நான் இண்டைக்கே இத்தா இருக்கிற. நாலு மாசம் பத்து நாள். அதுக்குப் பொறகு எனக்கு இங்க வர ஒரு வேலையும் இல்ல. சொல்லுங்க, உங்கட ஸ்டார்ட்டராலதான் எண்டு.”

பிறெடி பாஸின் வாய் திறந்தது. அந்த ஒன்பது மாதமும் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். இங்கே அதைச் சொன்னால் ஒரு பெண் விதவையாவாள். சொல்லாவிட்டால் அவர் தன் குற்றத்தை மறுத்தவராவார்.

“எனக்குத் தெரியாது,” என்றார் கடைசியில். “தெரிஞ்சா சொல்லுவன். தெரியாது.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். அது கோபமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு கார் ஸ்டார்ட்டரை மேசையில் வைத்துவிட்டு மற்றதைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

“அப்ப வேலைய முடிங்க. வார சனிக்கிழமை நான் வார.”

வெள்ளவத்தையில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அக்கா, “நீ எழுதின கடிதமெல்லாம் வச்சிரு, அவர் வந்தா பார்க்கக் கேட்பார்,” என்றார்.

நவம்பர் முடிவில் இஞ்சினைத் தாங்கியிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பூட்டி, பெற்றோல் கானை மேலே தொங்கவிட்டு, பிறெடி பாஸ் சாவியைத் திருப்பினார். ஒழுங்கையில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பின. சுவர்த் தகரம் அதிர்ந்தது. அவ்வளவு பெரிய இஞ்சின் இடப்பக்கமாகச் சுழல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தத்தில் வித்தியாசம் தெரியாது என்றுதான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது. எதையோ உள்ளே இழுத்துக்கொள்ளும் சத்தம் அது. பக்கத்தில் வெறும் தாங்கி தானும் அதிர்ந்து தரையில் மெல்ல மெல்ல நகர்ந்தது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தியபோது அது நிறைந்த தாங்கியோடு வந்து ஒட்டி நின்றது. அதிர்வில் நகரும்தான். யாரும் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை.

இஞ்சினைத் தார்ப்பாயால் மூடினார்கள். சஹ்லா அக்கா அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் போனார். தெரிவு செய்ய ஒன்றும் மிச்சம் இல்லை. பிறெடி பாஸ் அவருக்கு ஒரு கதிரை போடுவார், டீ சொல்வார். ஒருநாள் அக்காவின் சகோதரர் பட்டறை வாசல்வரை வந்து, ஊர் சிரிக்கிறது என்று சத்தம் போட்டார். பிறெடி பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு போய், “உங்கட தங்கச்சி என்ட கஸ்டமர். கஸ்டமரத் திட்டுறதெண்டா ரோட்டில நிண்டு திட்டுங்க,” என்றார்.

புதிய வேலைகளை அவர் குறைத்துக்கொண்டார். வரும் வேலைகளில் மேசையில் எப்போதும் இரண்டு பாகம் இருந்தது. இரண்டாவது கிடைக்காவிட்டால் வேலையைத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு முதல் ஓட்டங்களுக்கு அவர் ஏறாமல் இருந்ததில்லை. உயிர்காப்பு அங்கியை மட்டும் போட மாட்டார். மனைவி கேட்டுப் பார்த்தார், நானும் கேட்டேன். நபீஸ் போடாமல்தான் போனார் என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

2025 நவம்பர் 4ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணியளவில் என் தொலைபேசிக்குப் பிறெடி பாஸிடமிருந்து ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தது. மாலைதீவு இலக்கம் ஒன்றிலிருந்து தனக்கு வந்ததை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அனுப்பியிருந்தார். ஒருவருக்கு முன் மற்றவர் பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். எங்கள் மூவருக்குமாக அந்த நிமிடத்தில் ஒரு குழு தொடங்கி அதில் போட்டிருந்தார். சஹ்லா அக்காவின் பெயரைத் திறந்து பார்த்தேன், அவரும் அந்த நேரம் ஒன்லைனில் இருந்தார் என்று காட்டியது. மேல்மாடியில் கதவு திறக்கும் சத்தமோ ஆள் நடமாடும் சத்தமோ கேட்கவில்லை. செய்தி இதுதான்:

“அஸ்ஸலாமு அலைக்கும். என்ட பேர் இப்திகார். ஊரு கொம்பனித்தெரு, இப்ப மாலைதீவில ஒரு போட் யார்ட்ல வேலை. போன வருஷம் மார்ச்ல ஆளில்லாத தீவு ஒண்டுக்குக் கிட்ட பாறையில ஒரு வெள்ளை போட் நிண்டிச்சாம். எழுத்தெல்லாம் அழிஞ்சி, ஆர்ட எண்டு ஒருத்தருக்கும் தெரியா. எங்கட மொதலாளி இப்பதான் ஏலத்தில எடுத்த. சீட்டுக்கு அடியில பிளாஸ்டிக் பேக்ல உங்கட பட்டறை பில் ஈந்த, அதில இந்த நம்பர். நான் சிலோன்காரன் எண்டு என்னக் கேக்கச் சொன்ன. போட்ல எரிஞ்ச அடையாளம் ஒரு இடத்திலயும் இல்ல. தண்ணி ஏறல்ல. டேங்க்ல பாதி பெற்றோல் ஈக்கி. சாவி ஓஃப்ல ஈந்த. பின்னால ஏணி மட்டும் தண்ணிக்குள்ள எறக்கிவிட்டிருந்த எண்டு எடுத்த ஆக்கள் சொன்ன. ஆள் இல்ல. ஸ்டார்ட்டர் கார் சாமான் போல வெளங்கின, அதால பயந்து பயந்துதான் பார்த்த. பெற்றோல மாத்தி, புது பேட்டரி வச்சி சாவியத் திருப்பின, மொதத் தரமே ஸ்டார்ட் ஆகிட்டு. நல்ல வேலை பாஸ். மொதலாளி கேக்கச் சொன்ன ஒரு விஷயம்: இது ரெட்டை இஞ்சின் போட். மத்த இஞ்சின் உங்கட கையிலயா ஈக்கி?”